லாஹூமாவின் பதினான்கு ரெலோங்

போன வருஷம் ஏறக்குறைய எட்டு மாதம் ஒரு வீடமைப்புத் திட்டத்தில் சைட் வேலை. கார்டில் சிவில் எஞ்சினியர் என்று இருக்கும். நடைமுறையில் நான் கால்வாய் பார்க்கிற ஆள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எவ்வளவு அகலத்தில் வெட்டினால் வீட்டுக்குள் வராது, இதுதான் பிழைப்பு. அந்த இடம் முன்பு தோட்டம். முதலில் ரப்பர், அப்புறம் செம்பனை, இப்போது இரட்டை மாடி வரிசை வீடுகள். என் மேசையில் கிடந்த சர்வே பிளானில் எல்லைக் கல், மேடு பள்ளம், ஓடை, பழைய மண் ரோடு எல்லாம் சுத்தமாக இருந்தன. மேற்கு மூலையில் வரிசையாகச் சின்னச் சின்னச் செவ்வகங்கள். பக்கத்தில் ஒரே குறிப்பு: இடிக்கப்பட வேண்டிய கட்டடங்கள். லயத்து வீடுகள்தான். நான் போவதற்கு முன்பே காலி செய்துவிட்டார்கள். ஒரு முருங்கை மரம், துணி துவைக்கிற கல், சுவரில் யாரோ கரிக்கட்டையால் போட்டுவைத்த கூட்டல் கணக்கு. அவ்வளவுதான் மிச்சம்.

மழைக்கு வேலை நின்றுபோகும் மத்தியானங்களில் கன்டெய்னர் ஆபீஸில் உட்கார்ந்து ஷானோன் அஹ்மாட்டின் ‘ரஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்’ படித்தேன். 1966-இல் வந்த மலாய் நாவல். ரஞ்சாவ் என்பது எதிரி வரும் பாதையில் நட்டு வைக்கிற கூர்முனை. இன்றைக்குக் கண்ணிவெடிக்கும் அதே சொல்தான். வழி நெடுக முள் என்று தலைப்பைப் புரிந்துகொள்ளலாம்.

ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய் இலக்கியத்தைப் பரீட்சைக்காக மட்டும் தொட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தன். கருப்பொருள், கதைமாந்தர், படிப்பினை என்று மூன்று தலைப்பில் மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் வரும். அதற்குப் பிறகு ஒரு மலாய் நாவலைப் பரீட்சை இல்லாமல் கையில் எடுக்க எனக்கு 27 வயது ஆகவேண்டியிருந்தது. தி. ஜானகிராமனின் கும்பகோணத்துத் தெருக்களும், கி. ராஜநாராயணனின் கரிசல் காடும் போய்ப் பார்க்காமலே எனக்குப் பழக்கம். கெடாவில் பிறந்தவன் நான். கெடாவின் சிக் வட்டாரத்துக் கம்போங் ஒன்று எப்படி இருக்கும் என்று அறுபது வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்தது மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

பங்கோல் டெர்டாப். அதுதான் ஊர். ஷானோன் 1933-இல் பிறந்ததும் அங்கேதான். கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். லாஹூமா, அவன் பெண்சாதி ஜேஹா, ஏழு பெண் பிள்ளைகள். பதினான்கு ரெலோங் வயல். நீபோங் முள் ஒன்று லாஹூமாவின் காலில் ஏறுகிறது. கால் வீங்குகிறது, சீழ் வைக்கிறது, உடம்பெல்லாம் ஊதுகிறது. வீட்டில் படுத்தபடியே செத்துப்போகிறான். ஜேஹா வயலைத் தனியாகத் தூக்கிச் சுமக்கப் பார்த்து மனம் பேதலித்துப் போகிறாள். தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கொண்டுபோகிறார்கள். திரும்பி வருகிறாள். பிறகு வீட்டுக்குள்ளேயே மரக்கூண்டு. மூத்தவள் சானா தங்கச்சிமார்களைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்குகிறாள். நண்டு, வெள்ளம், தியாக் குருவி என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. நெல் விளையவேண்டும், அவ்வளவுதான். வேறு கதை கிடையாது.

இவ்வளவு சின்னக் கதைக்குள் என்னைப் பிடித்து உட்காரவைத்தது வேலை. வயலில் உடம்பு என்ன செய்கிறது என்பதை ஷானோன் சுருக்குவதே இல்லை. தாஜாக் பிடித்துப் புல் சாய்க்கிற கை, சேற்றில் அழுந்தி மேலே வருகிற கால், குனிந்து குனிந்து நாற்று நடுகிற முதுகு, அட்டை. ஒரு தடவை சொன்னதை இன்னொரு தடவையும் சொல்கிறார். முதல் ஐம்பது பக்கத்துக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எடிட்டர் இல்லையா என்று தோன்றியது. நாலாவது மழை நாளில்தான் உறைத்தது: நடவு அப்படித்தானே இருக்கும்? ஒரே அசைவைப் பத்து ஏக்கருக்கும் திரும்பத் திரும்பச் செய்கிறவனின் மூளையில் வாக்கியம் எப்படி ஓடுமோ அப்படி ஓடுகிற உரைநடை அது. பிழைப்பு, சாவு, நோய் எல்லாம் ஆண்டவன் கையில் என்கிற நினைப்பு நாவல் முழுக்க மந்திரம் போல வந்துகொண்டே இருக்கிறது. பக்தி என்று நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மூச்சு வாங்குகிற இடமாகத்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது சிறுகதைப் போட்டிக்கு ஒரு தோட்டத்துக் கதை எழுதினேன். ஒரு பாட்டி, ஒரு பால் வாளி, ஒரு கொடூரக் கங்காணி. கடைசியில் பொழுது சாயும் நேரம் பாட்டி மரத்தடியிலேயே விழுந்து செத்துப்போவாள். வாளி கவிழ்ந்து பால் மண்ணில் ஓடும். ஆறுதல் பரிசு கிடைத்தது. பெருமையாகக் கொண்டுபோய் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, “சாயங்காலம் எவன்டா மரம் வெட்டுவான்?” என்றார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம்.

விடியுமுன் வெட்டினால்தான் பால் இறங்கும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கிற அழுத்தம் குறைந்துவிடும், பால் சீக்கிரம் உறைந்து நின்றுவிடும். தண்ணீர் அழுத்தத்தைக் கணக்குப் போட்டே டிகிரி வாங்கப்போகிற எனக்கு இது தெரியவில்லை. பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் செய்த வேலை அது. பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், உளி எந்தச் சாய்வில் இறங்கவேண்டும், மரத்தைக் காயப்படுத்தினால் என்ன ஆகும், மழை வந்தால் மங்கை எப்படிக் கவிழ்ப்பது, ஒட்டுப்பாலுக்கு என்ன கணக்கு... ஒன்றையும் நான் கேட்டதில்லை. கேட்காமலே அவளைக் கதையில் கொன்றுவிட்டேன்.

நம்முடைய தோட்டத்து இலக்கியத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு இருக்கிற முதல் குறை இதுதான். எல்லாரையும் ஒரே கூடையில் போடவில்லை. சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ படித்தபோது எங்கள் வீட்டுப் பேச்சே அச்சில் ஏறி வந்தது போல இருந்தது. அவரும் கெடாக்காரர்தான். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ தோட்டத்திலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன காலத்தைப் பதிந்து வைத்தது; அதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நான் சொல்வது இவர்களுக்குப் பின்னால் குவிந்து கிடக்கிற நூற்றுக்கணக்கான போட்டிக் கதைகளை, பத்திரிகைக் கதைகளை, என்னுடையதையும் சேர்த்து. அவற்றில் தோட்டம் இரண்டே விதம். ஒன்று நரகம், அங்கே கங்காணியும் கிராணியும் துரையும் இருப்பார்கள். இன்னொன்று சொர்க்கம், அங்கே திருவிழாவும் திறந்தவெளிப் படமும் பக்கத்து வீட்டுக் குழம்பும் இருக்கும். நரகம் தோட்டத்தில் இருந்தபோது எழுதியது, சொர்க்கம் பட்டணத்துக்கு வந்தபிறகு எழுதியது. இரண்டிலும் ஆட்கள் வேலை செய்து பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. அழுகிறார்கள், அடி வாங்குகிறார்கள், ஆடுகிறார்கள். மரம் வெட்டுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். விருந்தாளி வாசலில் நின்று பார்க்கிறதைக் குறை சொல்ல முடியாது. உள்ளே பிறந்த நாமும் வாசலில் நின்றே எழுதினால் எப்படி?

வாசிப்புக் குழுவில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் கொதித்துவிட்டார். “இன்னும் எத்தன காலத்துக்குத் தோட்டத்தையே எழுதிக்கிட்டு இருப்பீங்க? நம்மாளுங்க இன்னிக்கு பிளாட்ல இருக்காங்க, கிராப் ஓட்டறாங்க. அத எழுதுங்கய்யா.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுதி முடித்துவிட்டோம் என்கிற நினைப்பில் எனக்கு உடன்பாடில்லை. கணக்கை மூடுவதற்கு முதலில் கணக்கு எழுதியிருக்க வேண்டும்.

கணக்கு என்றதும் பதினான்கு ரெலோங்குக்கு வருகிறேன். ரெலோங் என்பது கெடா, பினாங்குப் பக்கத்து அளவு. ஒரு ரெலோங் முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி. பதினான்கு என்றால் பத்து ஏக்கர், அதாவது நாலு ஹெக்டேர். ஏழு பெண்களுக்குப் பிரித்தால் தலைக்கு இரண்டு ரெலோங். இந்த வகுத்தல் நாவலின் அடியில் ஓடுகிற ஓடை மாதிரி. லாஹூமாவின் பயமெல்லாம் அதில்தான். நிலம் குறையக்கூடாது, கைமாறக்கூடாது, பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவேண்டும். பெல்டா திட்டத்தில் ஒரு குடியேறிக் குடும்பத்துக்குக் கொடுத்ததும் ஏறக்குறைய இதே 10 ஏக்கர்தான் என்று தெரிந்தபோது கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒரு குடும்பம் பிழைக்க எவ்வளவு மண் வேண்டும் என்று இந்த நாடு ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குக்குள் எங்கள் தாத்தா வரவே இல்லை. அவருக்கு ஏக்கரில் பேச்சு கிடையாது, நிரைதான். இத்தனை நிரை, இத்தனை மரம், இத்தனை ராத்தல். வெட்டுகிற மரம் அவருடையது இல்லை, நிற்கிற மண் இல்லை, படுக்கிற வீடும் இல்லை.

லாஹூமா நிலத்தை இழந்துவிடுவோமோ என்று நடுங்குகிறான். அந்த நடுக்கம் பெரிய சொத்து என்று இப்போது தோன்றுகிறது. இழக்க ஒன்று இருக்கிறவனுக்குத்தான் அது வரும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது நம் ஆட்கள் இழந்ததை எந்த அளவையில் எழுதுவது? துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பங்குப்பணம் திரட்டித் தோட்டம் வாங்கினார். ஒரு பெரிய நாவலுக்கான விஷயம் இது. பத்து வெள்ளியைக் கடுதாசியில் மடித்துக் கொண்டுபோய்க் கட்டுகிற ஒரு பால்வெட்டுக்காரியின் மனதில் என்ன ஓடியிருக்கும்? லாஹூமாவின் நடுக்கத்துக்கு மிக அருகில் நம் ஆட்கள் வந்த தருணம் அது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்து அந்த மனதுக்குள் போன தமிழ் நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. இருந்தால் சொல்லுங்கள், வாங்கிப் படிக்கிறேன்.

இதற்கு மிக நெருக்கமாகப் போனவர் ஆங்கிலத்தில் எழுதினார் என்பது ஒரு வேடிக்கை. கே. எஸ். மணியம், பீடோங்கில் பிறந்தவர். 1981-இல் வந்த அவருடைய ‘தி ரிட்டர்ன்’ நாவலில் பெரியாத்தா என்கிற கிழவி இந்தியாவிலிருந்து வந்து, விற்றுப் பிழைத்து, ஒரு துண்டு நிலத்தில் வீடு கட்டி உட்காருகிறாள். இது உன் நிலம் இல்லை என்று பிறகு ஆபீஸிலிருந்து வந்து சொல்கிறார்கள். அவளுடைய மகன், கதை சொல்கிறவனின் அப்பா, அதே பிடிவாதத்தோடு ஆற்றோரம் ஒரு வீடு கட்டுகிறான். கடைசியில் அந்த வீட்டோடு சேர்ந்து எரிந்துபோகிறான். பீடோங்கிலிருந்து சிக்குக்குக் காரில் ஒரு மணி நேரம். ஒரே மாநிலத்தில், பக்கத்துப் பக்கத்து மண்ணில், இரண்டு குடும்பத் தலைவர்கள் நிலத்தால் சாகிறார்கள். ஒருவனை அவனுடைய நிலத்து முள் கொல்கிறது. இன்னொருவனைக் கொல்வது அவனுக்கு இல்லாத நிலம். இந்த இரண்டு நாவலையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படியுங்கள் என்பேன். தமிழில்தான் இரண்டையும் பற்றிப் பேச ஆள் இருக்கவேண்டும், ஏனென்றால் இரண்டு மொழியும் தெரிந்து நடுவில் நிற்கிறவர்கள் நாம்தான்.

ஷானோனையும் சும்மா விடமுடியாது. அவருடைய கிராமத்தில் வில்லனே இல்லை. முள், நண்டு, குருவி, வெள்ளம். மனிதர்கள் எல்லாரும் நல்லவர்கள். தோக் பெங்குலுவும் ஊர்க்காரர்களும் கூடி வருகிறார்கள், கை கொடுக்கிறார்கள், துக்கம் விசாரிக்கிறார்கள். கடன் கொடுத்தவன் எங்கே? நெல்லை வாங்குகிறவன் என்ன விலை கொடுக்கிறான்? 1974-இல் சிக்குக்குப் பக்கத்து வட்டாரமான பாலிங்கில் ரப்பர் விலை விழுந்து, சிறுதோட்டக்காரர்கள் பசி தாங்காமல் ஆயிரக்கணக்கில் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். நாவல் வந்து எட்டே வருஷம். ஆண்டவன் கையில் என்று சொல்லிக்கொண்டிருந்த ஜனங்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிடவில்லை. அந்தக் கோபத்துக்கு விதை 1966-இலும் மண்ணுக்குள் இருந்திருக்கும். பங்கோல் டெர்டாப்பில் அதைத் தேடித் தோற்றேன். எழுபதுகளின் கடைசியில் கெடா நெல் சமவெளியில் ஒரு கம்போங்கில் தங்கி ஆராய்ச்சி செய்த ஜேம்ஸ் ஸ்காட், அறுவடை இயந்திரம் வந்ததும் ஏழைகளின் கூலி எப்படிப் பறிபோனது, அதற்கு அவர்கள் முணுமுணுப்பாலும் மெதுவேலையாலும் எப்படிப் பதில் சொன்னார்கள் என்று எழுதினார். அந்த முணுமுணுப்பு ஷானோனிடம் இல்லை. சுவாரசியம் என்னவென்றால், விதியை எழுதிய இதே மனிதர் 1999-இல் அதே சிக் தொகுதியில் தேர்தலில் நின்று ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார்.

கால்வாய்க்காரனாக இன்னொன்றும் உறுத்தியது. இந்த நாவல் வந்த அதே அறுபதுகளின் நடுவில்தான் மூடா பாசனத் திட்டத்தின் வேலை தொடங்கியது. மூடா அணை இருப்பது சிக் வட்டாரத்தில். அங்கே தேங்குகிற தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகப் பெடு அணைக்குப் போய், அங்கிருந்து மேற்கே அலோர் ஸ்டார் பக்கத்துச் சமவெளிக்கு இறங்குகிறது. எழுபதுகளில் அந்தச் சமவெளி வருஷத்துக்கு இரண்டு போகம் கண்டது. கல்லூரியில் எங்களுக்கு இதை ஒரு சாதனையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், சாதனைதான். ஆனால் தண்ணீர் பிடித்து வைக்கிற மலைப்பக்கத்து லாஹூமாக்களுக்கு வானம் பார்த்த வயல். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கண்ணில் படவில்லை. வேலை விஷயமாக ஒரு தடவை சிக் வழியாகப் போனபோது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மரம்தான் நின்றது. மலாய்க்காரர்களின் சிறுதோட்டங்கள். ஒரு மக்சிக் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒட்டுப்பால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார். அந்த நாற்றம் காருக்குள் வந்தது. எங்கள் பாட்டியின் நாற்றம்.

பாட்டி என்றதும் ஜேஹா. இதை எழுதாமல் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நாவலில் என்னை ரொம்பக் கோபப்படுத்திய இடம் கூண்டு. புருஷன் செத்த பிறகு பத்து ஏக்கரையும் ஒற்றை ஆளாக உழைத்துப் பைத்தியமான ஒருத்தியை, ஊரே சேர்ந்து மரச்சட்டம் அடித்து அடைத்துவிடுகிறது. பெற்ற பிள்ளைகள் சாப்பாடு தள்ளுகிறார்கள். உள்ளிருந்து அவள் வயலுக்குப் போகவேண்டும் என்று கத்துகிறாள். மார்ஜினில் பென்சிலால் “கொடூரம்” என்று எழுதினேன். ஆண் எழுத்தாளர், பெண்ணின் உழைப்பைக் கொண்டாடிவிட்டுக் கடைசியில் அவளைக் காட்சிப்பொருளாக ஆக்கிவிட்டார் என்று இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தில் ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் பாட்டி கடைசி மூன்று வருஷம் எங்களோடு பிளாட்டில் இருந்தாள். நாலாவது மாடி. ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பழைய கைலியை வரிந்துகொண்டு, வாசலில் நிற்பாள். பெரட்டுக்கு நேரமாச்சு, கதவைத் தொற என்பாள். இரண்டு தடவை கீழே இறங்கிப் போய்விட்டாள். ஒரு தடவை மெயின் ரோட்டில் பிடித்தோம். அதற்குப் பிறகு அம்மா கிரில் கேட்டுக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டி கத்துவாள், சில நாள் கெட்ட வார்த்தையும் வரும். பக்கத்து வீட்டில் கேட்குமே என்று நான் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். எனக்கு அப்போது பதினாறு வயது, எஸ்பிஎம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் என் கவலை.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். “கொடூரம்” மட்டும் மார்ஜினில் அப்படியே இருக்கிறது.

இப்போது அந்தப் பக்கங்களைத் திரும்பப் படிக்கும்போது வேறு ஒன்று தெரிகிறது. ஜேஹா கத்துவது பைத்தியக்காரப் பேச்சே இல்லை. நெல் முற்றியிருக்கிறது, அறுக்கவேண்டும் என்கிறாள். உண்மைதானே. வீட்டிலேயே சரியான நேரத்தில் சரியான விஷயத்தைச் சொல்கிற ஆள் அவள் ஒருத்திதான். ஷானோனின் திறமை இந்த இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவளுக்குப் பரிதாபம் காட்டுகிற வேலையை எழுத்தாளர் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய மூளையில் வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடுகிறார். நான் என் போட்டிக் கதையில் பாட்டியை மரத்தடியில் சாகவிட்டு வாசகரை அழவைக்கப் பார்த்தேன். நிஜப் பாட்டி நாலாவது மாடியில் பெரட்டுக்குப் போக நின்றாள். எது கதை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கம்போடிய இயக்குநர் ரித்தி பான் இந்த நாவலை 1994-இல் படமாக எடுத்தார். கான் விழாவில் போட்டிப் பிரிவில் காட்டப்பட்டது. பங்கோல் டெர்டாப் அப்படியே போல் பாட் காலத்துக்குப் பிந்தைய கம்போடியக் கிராமமாகிவிடுகிறது. அதே முள், அதே ஏழு பெண்கள். கெமர் ரூஜ் ஆட்சியில் குடும்பத்தைப் பறிகொடுத்த ஒருவர் இதைப் படித்துவிட்டு இது எங்கள் கதை என்று எடுத்துக்கொண்டார் என்றால், அந்த வில்லன் இல்லாத தன்மைக்கு நான் நினைத்ததை விடப் பெரிய வலு இருக்கவேண்டும். வில்லன் பெயரை எழுதியிருந்தால் அது கெடாவோடு நின்றிருக்குமோ என்னவோ. இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. மேலே ஷானோனிடம் கடன்காரன் எங்கே என்று கேட்டதையும் வாபஸ் வாங்கப்போவதில்லை.

சைட் வேலை முடிகிற சமயம் தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா இருபத்திரண்டு வருஷம் செம்பனையில் வேலை செய்தவர். வலது கை ஆள்காட்டி விரல் முழுசாக மடங்காது. மட்டை முள் ஏறி, உள்ளேயே ஒடிந்து, மூட்டில் சீழ் வைத்துப் போனது. தோட்டத்து டிரெசர் கிளறிப் பார்த்துவிட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். அதனால்தான் அவருக்கு இந்தக் கதையைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி, லாஹூமா முள் மிதித்ததில் ஆரம்பித்து, கால் வீங்கியது, செத்தது, ஜேஹா, சானா என்று முழுசாகச் சொன்னேன். கூண்டை மட்டும் விட்டுவிட்டேன். அம்மா என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அப்பா விரலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நீபோங் முள்ளு ரொம்ப மோசம், செம்பனையவிட மோசம் என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “அவனுக்கு கிராண்ட் இருந்துச்சா?” என்று கேட்டார்.

இருந்துச்சுப்பா என்றேன்.

“எத்தன ஏக்கரு?”

பத்து.

“பத்தா!” என்றார். அம்மாவைப் பார்த்து, “பத்தாம்மே” என்றார்.